சின்னக் குழந்தைகளுக்கென்று ஒரு தீம் பார்க்: கொங்கு நாட்டில் ஓடுமா என்று கணக்குப் போடுவது எப்படி?

கோவைக்குப் பக்கத்தில் ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கென்றே ஒரு தீம் பார்க் கட்டினால் ஓடுமா? யாரிடம் கேட்டாலும் உடனே ஒரு பதில் கிடைக்கும். "பிளாக் தண்டர் வாட்டர் பார்க்ல கூட்டம் அள்ளுதே, இதுவும் ஓடும்" என்பார் ஒருவர். "ஒரு வருஷம் போய்ப் பார்ப்பாங்க, அப்புறம் ஈ ஓட்டணும்" என்பார் இன்னொருவர். இரண்டுமே ஊகம்தான். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் விடை தேடுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், யாரும் போட்டுப் பார்க்கலாம். நம் ஊர்களை வைத்தே அதைப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ராட்டாந்தூரியும் (ராட்டினம்) டோரா டோராவும் நாலைந்து ரைடுகளும் வரிசையாக நின்றால் அது பொழுதுபோக்குப் பூங்கா. நோம்பி சமயத்தில் கோயில் மைதானத்தில் வந்து இறங்குவதும், அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த் திருவிழாவில் மாட்டுச் சந்தையை ஒட்டி நிற்பதும் இதன் தற்காலிக வடிவம். தீம் பார்க் என்றால் அந்த ரைடுகளையெல்லாம் ஒரு கதையோ ஓர் உலகமோ கட்டிப்போட்டிருக்கும். நுழைவாயில், கடை, குப்பைத்தொட்டி வரைக்கும் அந்த உலகத்துக்குள் இருக்கும். சின்னக் குழந்தைக்கு இது பெரிய விஷயம். பதினாறு வயதுப் பையனுக்கு வேகம் வேண்டும், உயரம் வேண்டும். நாலு வயதுக் குழந்தைக்கு யானைக்குட்டி மேல் தான் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நம்பிக்கை போதும். யானைக்குட்டி மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் சந்தோஷம்தான். அதனால் இப்படிப்பட்ட பார்க்கில் இயந்திரச் செலவு குறைவு, கற்பனைக்கும் வேலைப்பாட்டுக்கும் ஆகும் செலவு அதிகம்.

முன்னே போனவர்கள் என்ன ஆனார்கள்?

உலகத்தில் இது புதிய யோசனை இல்லை. டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில், லெகோ பொம்மைக் கட்டைகளை வைத்து, 1968-இல் லெகோலேண்ட் திறந்தது. இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகள் இருக்கும் குடும்பங்களைத்தான் லெகோலேண்ட் இன்றைக்கும் குறிவைக்கிறது. பில்லுண்ட் பார்க் நன்றாகப் போனதைப் பார்த்து, 1973-இல் ஜெர்மனியின் சியர்க்ஸ்டோர்ஃப் என்ற கடலோர ஊரில் இன்னொன்று கட்டினார்கள். மூன்றே வருஷத்தில், 1976-இல், மூடிவிட்டார்கள். அதே பெயர், அதே பொம்மைக் கட்டைகள், பக்கத்து நாடு. ஓர் ஊரில் ஓடியது இன்னோர் ஊரில் ஓடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் நெருக்கமான பாடம். தொலைக்காட்சிக் குழந்தைகள் நிகழ்ச்சியின் பொம்மைகளை வைத்து, பென்சில்வேனியா மாநிலத்தில் லாங்ஹோர்ன் என்ற இடத்தில் 1980-இல் செசமி பிளேஸ் திறந்தார்கள். ஏறி இறங்கும் வலைகள், தண்ணீர், பந்துக் குழி என்று பெரும்பாலும் குழந்தைகள் தாங்களே விளையாடும் இடமாக அது தொடங்கியது. அதே மாதிரி ஒன்றை டெக்சஸில் டாலஸ் நகரத்தை ஒட்டிய இர்விங்கில் 1982-இல் திறந்தார்கள். 1984-இல் அது மூடப்பட்டது. பென்சில்வேனியாவில் இருப்பது இன்றும் நடக்கிறது. நடுவில் அவர்கள் செய்தது முக்கியம். தண்ணீர் விளையாட்டுகளைப் பெருக்கினார்கள், 1998-இல் ஒரு சின்ன ரோலர் கோஸ்டரையும் சேர்த்தார்கள். தம்பிக்காக வரும் குடும்பத்தில் பத்து வயது அக்காவுக்கும் ஏதாவது வேண்டுமே.

இப்போது அதே டாலஸ் வட்டாரத்துக்கே ஆட்கள் திரும்பிப் போகிறார்கள். யுனிவர்சல் நிறுவனம் 2023 ஜனவரியில், டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ என்ற ஊரில், சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கென்றே ஒரு பார்க்கும் தங்கும் விடுதியும் கட்டப்போவதாக அறிவித்தது. பெப்பா பிக் என்ற பன்றிக்குட்டிப் பாத்திரத்தை வைத்து 2025-இல் அதே வட்டாரத்தில் இன்னொரு பார்க் திறந்தது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் கையைச் சுட்டுக்கொண்ட இடத்தில் ஏன் மறுபடியும்? இந்த நாற்பது வருஷத்தில் அந்தப் புறநகர்களில் இளம் குடும்பங்கள் வந்து குவிந்துவிட்டன. பார்க்கிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் எத்தனை சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையே மாறிவிட்டது.

இந்தியாவில் குழந்தைகளுக்கென்றே வந்த பெரிய முயற்சி கிட்சானியா, குழந்தைகள் பெரியவர்களின் வேலைகளைச் செய்து விளையாடும் இடம். 2013-இல் மும்பையிலும், 2016-இல் டெல்லியை ஒட்டிய நொய்டாவிலும் திறந்தது. முழுக்கக் கட்டடத்துக்குள், குளிர்சாதன வசதியோடு இருப்பது. ஆனால் அது பெரும்பாலும் பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு. இரண்டு, மூன்று வயதுக் குழந்தைக்கு அங்கே செய்ய அதிகம் இல்லை.

ஒரு மணி நேர வட்டம்

கணக்கின் முதல் படி, பார்க்கைச் சுற்றி ஒரு வட்டம் போடுவது. வட்டத்தைக் கிலோமீட்டரில் போடக்கூடாது, பயண நேரத்தில் போட வேண்டும். பெரியவர்களுக்கான பார்க் என்றால் மூன்று மணி நேர வட்டம் கூடப் போடலாம். கோவையிலிருந்து விடியற்காலையில் கிளம்பி கொச்சி வொண்டர்லா பார்க் போய் ராத்திரி திரும்புகிற கல்லூரிப் பையன்கள் எத்தனையோ பேர். மூன்று வயதுக் குழந்தையோடு அப்படிப் போக முடியாது. வாந்தி, டயப்பர், பால், மதியத் தூக்கம். எனவே சின்னக் குழந்தைகளின் பார்க்குக்கு நிஜமான வட்டம் ஒரு மணி நேரம். மிஞ்சிப் போனால் ஒன்றரை.

கோவைக்குக் கிழக்கே அவிநாசி சாலையில் ஓரிடத்தை நடுவில் வைத்துப் பாருங்கள். கோவை நகரம், சூலூர், அவிநாசி, திருப்பூர் எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம், பல்லடம் கொஞ்சம் முன்னே பின்னே. பாலக்காடும் பெருந்துறையும் ஈரோடும் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். சேலமும் கரூரும் நாமக்கல்லும் வட்டத்துக்கு வெளியே. அவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை வரலாம், அவர்களை நம்பிக் கட்டக்கூடாது. 2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் பத்து கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறந்த பிறகு இந்த வட்டம் உக்கடம், டவுன்ஹால் பக்கத்துக் குடும்பங்கள் வரைக்கும் கொஞ்சம் விரிந்திருக்கிறது. ஒரு பாலம் வந்தால் ஒரு பார்க்கின் தலையெழுத்து மாறும் என்பது வெறும் பேச்சு இல்லை. வட்டத்துக்குள் வரும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடுகிறது, அவ்வளவுதான்.

எத்தனை குழந்தைகள்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கோவை மாவட்டத்தில் சுமார் 34.6 லட்சம் பேர், திருப்பூரில் 24.8 லட்சம், ஈரோட்டில் 22.5 லட்சம். மூன்றும் சேர்த்து 82 லட்சம். அப்போது தமிழ்நாடு முழுவதும் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் மக்கள்தொகையில் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல். கொங்கு மாவட்டங்களில் அதைவிடக் குறைவு. ஏழு, ஏழரை லட்சம் குழந்தைகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். அந்தக் கணக்கு எடுத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஊர் வளர்ந்திருக்கிறது, வீடுகள் பெருகியிருக்கின்றன, அதனால் குழந்தைகளும் பெருகியிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். உண்மை நேர்மாறு. மத்திய அரசு எடுக்கும் மாதிரிப் பதிவுக் கணக்கின் (SRS) 2020 அறிக்கைப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தைகள்தான் பிறக்கின்றன. மக்கள்தொகை அப்படியே நிற்பதற்குச் சுமார் 2.1 வேண்டும். கொங்குப் பகுதியில் ஒற்றைப் பிள்ளையோடு நிறுத்திக்கொள்வது நீண்ட காலமாகவே வழக்கம். ஒரே பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தப் பிள்ளைக்குச் செலவு செய்ய அப்பா, அம்மா, அப்பத்தா, அப்புச்சி எல்லாரும் தயார். ஆக, தலைகள் குறைகின்றன, தலைக்குச் செலவு ஏறுகிறது. திருப்பூர் பக்கம் வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களும் குழந்தைகளோடு குடியேறிவருகிறார்கள். இவர்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவார்கள் என்று யோசிக்காமல் போடும் கணக்கு அரைக் கணக்குதான்.

இன்னொரு சிக்கல் வயது. பெரியவர்களுக்கான பார்க்குக்குப் பன்னிரண்டு வயதில் வரத் தொடங்கியவர் நாற்பது வயது வரைக்கும் வரலாம். சின்னக் குழந்தைகளின் பார்க் எல்.கே.ஜி வகுப்பு மாதிரி. வருஷா வருஷம் ஒரு கூட்டம் வளர்ந்து வெளியே போகும், புதுக் கூட்டம் உள்ளே வரும். ஒரு குழந்தை உங்களுக்கு வாடிக்கையாளராக இருப்பது ஐந்து வருஷம்தான். அந்த ஐந்து வருஷத்துக்குள் அது எத்தனை தடவை வரும்? இந்தத் தொழிலின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. திறப்பு விழாக் கூட்டத்தைப் படம் எடுத்துப் போடுவதால் ஒன்றும் தெரியாது. மூன்றாவது வருஷத்தில், மூன்றாவது தடவையாக எத்தனை குடும்பங்கள் வந்தன என்று எண்ணினால்தான் தெரியும்.

கணக்கைப் போட்டே பார்ப்போம்

இனி வரும் எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொண்டவை. நீங்கள் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

பிறப்பு குறைந்ததைக் கழித்து, மூன்று மாவட்டங்களிலும் இன்று ஆறு லட்சம் குழந்தைகள் என்போம். அதில் ஒரு மணி நேர வட்டத்துக்குள் பாதி: மூன்று லட்சம். தலைக்கு நாலைந்நூறு ரூபாய் கொடுத்து வரக்கூடிய குடும்பங்கள் மூன்றில் ஒரு பங்கு: ஒரு லட்சம் குழந்தைகள். அதில் பாதிப் பேர் வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறார்கள்: ஐம்பதாயிரம். ஒரு குழந்தையோடு மூன்று பெரியவர்கள். மொத்தம் இரண்டு லட்சம் வருகைகள்.

வரி போக, டிக்கெட்டும் சாப்பாடும் சேர்த்துச் சராசரியாகத் தலைக்கு 400 ரூபாய் கையில் நிற்கிறது என்றால் வருமானம் எட்டுக் கோடி. 150 பேர் வேலை செய்கிறார்கள், மாதம் சராசரி 18,000 ரூபாய் சம்பளம் என்றால் வருஷத்துக்கு மூன்றேகால் கோடி. மின்சாரம், பராமரிப்பு, காப்பீடு, விளம்பரம், சாப்பாட்டுச் சரக்கு எல்லாம் இரண்டரைக் கோடி. மிச்சம் இரண்டேகால் கோடி.

இப்போது கடனைப் பாருங்கள். ஐம்பது கோடியில் பிரமாண்டமாகக் கட்டி, முப்பது கோடி கடன் வாங்கியிருந்தால், பத்து சதவீத வட்டியே மூன்று கோடி. கதவு திறந்த முதல் வருஷத்திலிருந்தே நஷ்டம். அதே பார்க்கை இருபது கோடியில் அடக்கமாகக் கட்டி எட்டுக் கோடி கடன் என்றால், வட்டி எண்பது லட்சம். மூச்சு விடலாம், அடுத்த வருஷம் புதிதாக ஒன்று சேர்க்கலாம். குழந்தைகள் கூட்டம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கட்டடம் பெரிதானதால் ஒரு குழந்தை கூடுதலாகப் பிறந்துவிடாது.

மும்பை–புனே நெடுஞ்சாலையில் கோபோலிக்குப் பக்கத்தில் 2013-இல் திறந்த இமேஜிகா பார்க் இதற்கு நம் நாட்டுச் சான்று. ஆயிரம் கோடிக்கு மேல் செலவு செய்து, பெரும் கடனில் கட்டினார்கள். ரைடுகள் அருமை என்றுதான் போனவர்கள் சொன்னார்கள். ஆனால் கடன் கழுத்தை நெரித்து, கடைசியில் 2022-இல் பார்க் வேறு குழுமத்தின் கைக்குப் போனது. பார்க் நன்றாக இருப்பதும் பார்க் பிழைப்பதும் வேறு வேறு.

மறுபக்கமும் உண்டு. அந்த ஐம்பதாயிரம் குழந்தைகளும் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்தால் வருமானம் பதினாறு கோடி. சம்பளமும் மின்சாரமும் இரண்டு மடங்காகாது, கொஞ்சம்தான் கூடும். புது ஆட்களைத் தேடி சேலத்திலும் மதுரையிலும் விளம்பரப் பலகை வைப்பதைவிட, வந்தவர்களை மறுபடி வரவைப்பது ஏன் லாபம் என்று இந்த ஒரு வரியிலேயே தெரியும். வருஷச் சந்தா அட்டை இதற்காகத்தான். ஒரு தடவைக்கான டிக்கெட்டைப் போல இரண்டு மடங்கு விலை, வருஷம் முழுக்க வரலாம். அட்டை வைத்திருக்கும் அம்மா, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும் வந்துவிட்டுப் போவார். உள்ளே சுண்டலும் ஐஸ்கிரீமும் வாங்குவார்.

அப்பத்தாவுக்கு எதற்கு டிக்கெட்?

டிக்கெட் விலை வைப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெரியவர்களுக்கான பார்க்கில் ஆளுக்கு ஒரு டிக்கெட், எல்லாரும் விளையாடுகிறார்கள். இங்கே விளையாடுவது ஒருவர், காசு கொடுப்பது நாலு பேருக்கு. ராட்டாந்தூரியில் ஏறவே மாட்டேன் என்று சொல்லும் அப்பத்தாவுக்கு எதற்கு ஐந்நூறு ரூபாய் என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. அவரை விட்டுவிட்டு வா என்றால், அந்தக் குழந்தையைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்பவரே அவர்தான். அவர் வராவிட்டால் வேலைக்குப் போகும் அம்மா ஒற்றை ஆளாகச் சமாளிக்க வேண்டும். அடுத்த தடவை கிளம்ப யோசிப்பார். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களை டிக்கெட் இல்லாமலே உள்ளே விட்டு, அவர்கள் உட்கார நிழலும் சாய்மானமும் குடிக்கக் காப்பியும் கொடுங்கள். டிக்கெட்டில் போனது காப்பியிலும் மறுவருகையிலும் திரும்பும்.

திருப்பூர் பனியன் கம்பெனிக் குடும்பங்களுக்கு இது இன்னும் பொருந்தும். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை ஒரே நாள் லீவு. நாலு பேருக்கு இரண்டாயிரம் ரூபாய் என்றால் அந்த வாரச் சம்பளத்தில் பெரிய ஓட்டை. அவர்களுக்கு உக்கடம் பெரியகுளக்கரையும் வாலாங்குளமும் இருக்கின்றன, பவானிசாகர் அணைப் பூங்கா இருக்கிறது, ஆழியாறு இருக்கிறது. இவை எல்லாம் சும்மாவோ சில ரூபாயிலோ கிடைப்பவை. கோவை காந்திபுரத்தில் செம்மொழிப் பூங்காவும் வந்துவிட்டது. மால்களுக்குள் மணிக் கணக்கில் காசு வாங்கும் விளையாட்டுக் கூடங்கள் வேறு. புது பார்க் இவற்றோடெல்லாம்தான் போட்டி போட வேண்டும். பிளாக் தண்டரும் கோவைக் கொண்டாட்டம் என்ற பூங்காவும் நேரடிப் போட்டி இல்லை. அங்கே போகும் கூட்டத்தில் பெரும்பகுதி வேறு வயது.

ஞாயிறும் செவ்வாயும்

இரண்டு லட்சத்தை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 550 பேர் வரும். அப்படிப்பட்ட நாள் ஒன்று கூட வராது. ஞாயிறு, பொங்கல், காலாண்டு லீவு, மே மாதம் என்று சுமார் எண்பது நாளில் அறுபது சதவீதம் பேர் வந்துவிடுவார்கள்: நாளுக்கு 1,500. மீதி 280 நாளில் நாளுக்கு முந்நூறு பேர் கூட இருக்காது. காணும் பொங்கல் அன்று ஐயாயிரம் பேர் வரலாம்.

எந்த நாளுக்காகக் கட்டுவது? ஐயாயிரத்துக்குக் கட்டினால் வருஷம் முழுக்க இயந்திரங்கள் சும்மா கிடக்கும். முந்நூறுக்குக் கட்டினால் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் குழந்தைகள் அழும், அப்பாக்கள் சண்டை போடுவார்கள். தொழிலில் உள்ளவர்கள் உச்ச நாளை விட்டுவிட்டு, வருஷத்தில் கூட்டமான பதினைந்து இருபது நாட்களின் சராசரியை எடுத்துக்கொள்வார்கள். நம் உதாரணத்தில் அது இரண்டாயிரத்தை ஒட்டி வரும். அப்புறம் ஒரு மணி நேரத்தில் ஒரு குழந்தைக்கு இரண்டு மூன்று முறையாவது ஏதோ ஒன்று கிடைக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இங்கே ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பதினாறு குதிரை உள்ள ஒரு சுழல் ராட்டினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் நாலு நிமிஷத்துக்கு ஒரு சுற்று, மணிக்கு 240 குழந்தைகள். நிஜத்தில் மூன்று வயதுக் குழந்தையைத் தூக்கி உட்காரவைத்து, பெல்ட் போட்டு, "அந்த வெள்ளைக் குதிரைதான் வேணும்" என்ற அழுகையைச் சமாளித்து, கிளம்புவதற்குள் ஆறு நிமிஷம். மணிக்கு 160 தான். ஆனால் ஒரு மணல் தொட்டிக்கு வரிசையே கிடையாது. நல்ல நிழலில் ஒரு பெரிய மணல் தொட்டியும், கணுக்காலளவு கூடத் தேங்காமல் தரையிலிருந்து பீய்ச்சி வடியும் நீரூற்றும், ஏறி இறங்க ஒரு மர வீடும் இருந்தால், ஒரே நேரத்தில் நூறு குழந்தைகள் ஒரு மணி நேரம் விளையாடுவார்கள். செலவு ராட்டினத்தில் பாதி கூட இருக்காது. குழந்தைகளுக்கும் இதுதான் அதிகம் பிடிக்கிறது. அடுத்த தடவை "மண்ணுல விளையாடப் போலாம்" என்றுதான் கேட்பார்கள். திறப்பு விழா அழைப்பிதழில் மணல் தொட்டி அழகாக இருக்காது என்பதால் பலரும் இதைக் கடைசியில் சேர்க்கிறார்கள். முதலில் சேர்க்க வேண்டியது இதுதான்.

வெயில், தண்ணீர், கை

ஏப்ரலில் கோவையில் 37, 38 டிகிரி. வெயிலில் நிற்கும் இரும்புச் சறுக்கும் ரப்பர்த் தரையும் குழந்தையின் தோலைப் பொசுக்கிவிடும். பார்க்குக்கு அதிகம் ஆள் வரக்கூடிய பரீட்சை லீவும் இந்த வெயிலும் ஒன்றாக வருகின்றன. ஆகவே வேம்பும் புங்கமும் இப்போதே நட்டுவைத்து, வளரும் வரை கூரையோ நிழல்வலையோ போட வேண்டும். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்துவிட்டால் ஆகஸ்ட் வரைக்கும் வெளியில் விளையாட அருமையான காலம். ஆனால் அப்போது பள்ளி திறந்திருக்கும். ஐப்பசி கார்த்திகை மழைக்குக் கூரைக்குள் ஓரிடம் இல்லாமல் முடியாது.

தண்ணீர் விளையாட்டைச் சும்மா சேர்த்துவிட முடியாது. டயப்பர் போட்ட குழந்தைகள் இறங்கும் தண்ணீர் அது. கிரிப்டோஸ்போரிடியம் போன்ற சில கிருமிகள் சாதாரண அளவு குளோரினுக்குச் சாவதில்லை. புற ஊதாக் கதிர் பாய்ச்சும் கருவியும் சேர்த்துத்தான் சுத்தப்படுத்த வேண்டும். ஆயிரம் அடி போர் போட்டும் புகை மட்டும் வருகிற வறண்ட பூமியில், ஊர்க்காரர்களின் தண்ணீரை உறிஞ்சிக் குழந்தைகளுக்குப் பீய்ச்சுவதும் சரி இல்லை. இதற்கு வழி நம்மிடமே இருக்கிறது. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் தொழில்நுட்பத்தைத் திருப்பூர் கற்றுக்கொண்டது. சாயத் தண்ணீரையே தெளிய வைப்பவர்களுக்கு நீரூற்றுத் தண்ணீர் கஷ்டமே இல்லை.

மோட்டாரும் பம்பும் கியரும் வார்ப்படமும் தெரிந்த கைகள் கணபதியிலும் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலும் நிறைய இருக்கின்றன. ரைடு பழுதானால் இத்தாலியிலிருந்து ஆள் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. குழந்தை ஏறும் எந்த இயந்திரத்தையும் வடிவமைப்புச் சான்றும் வெல்டிங் சோதனையும் இல்லாமல், நம்ம பட்டறைதானே என்று ஓட்டவே கூடாது. தினமும் காலையில் கதவு திறக்கும் முன்னால் ஆளில்லாமல் ஓட்டிப் பார்த்து, கையெழுத்திட்டுப் பதிந்த பிறகுதான் முதல் குழந்தை ஏற வேண்டும்.

கதைக்கும் வெளியே தேட வேண்டியதில்லை. வெளிநாட்டுக் கார்ட்டூன் பாத்திரத்தை வைத்தால் குழந்தைகள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பது உண்மை. உரிமைத் தொகை ஒவ்வொரு டிக்கெட்டிலும் போய்க்கொண்டே இருக்கும் என்பதும் உண்மை. டாப்சிலிப் யானைக்குட்டி, மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவியில் மலையேறும் ரயில், காங்கயம் காளைக்கன்று, தென்னந்தோப்பு அணில். இவற்றுக்கு யாருக்கும் காசு கட்ட வேண்டாம்.

எங்கே கட்டலாம்?

மேட்டுப்பாளையம் சாலை பலருக்கும் முதலில் தோன்றும் இடம், ஊட்டிக்குப் போகும் கூட்டம் கண்ணுக்குத் தெரிவதால். நான் அங்கே கட்டமாட்டேன். ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு நடுவில் நிற்க நேரமில்லை, லீவு நாளில் அந்தச் சாலையில் வண்டி நகர்வதும் இல்லை. திரும்பத் திரும்ப வரவேண்டிய கோவை, திருப்பூர்க் குடும்பங்கள் அந்த நெரிசலை நினைத்தே கிளம்பமாட்டார்கள். நீலாம்பூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் பத்துப் பதினைந்து ஏக்கர் கிடைத்தால் அதுதான் என் தேர்வு. நிலத்தின் விலை அங்கே அதிகம். விலைக்கு வாங்கினால் மேலே போட்ட கணக்கு முழுக்கக் கவிழ்ந்துவிடும். நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்தால்தான் நிற்கும்.

கடைசியாக அந்த 280 வார நாட்கள். பள்ளிச் சுற்றுலா என்றால் தனியார் மழலையர் பள்ளிகளைத்தான் எல்லாரும் நினைப்பார்கள். அவர்களும் வரட்டும். தமிழ்நாட்டில் 54,000-க்கு மேல் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. இரண்டிலிருந்து ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் அங்கே பகலைக் கழிக்கிறார்கள். அதாவது இந்தப் பார்க் யாருக்காகக் கட்டப்படுகிறதோ அதே வயது. அவர்களில் பெரும்பாலோரின் பெற்றோர் டிக்கெட் வாங்கக்கூடியவர்கள் இல்லை, மேலே நாம் கழித்துவிட்ட மூன்றில் இரண்டு பங்கில் இருப்பவர்கள். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் பாதி பார்க் காலியாகத்தான் இருக்கும். ஆட்கள் சம்பளத்தில் இருப்பார்கள், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், மணல் தொட்டி அங்கேயேதான் இருக்கும். சூலூரிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் நாற்பது அங்கன்வாடிக் குழந்தைகளைக் கூட்டிவந்தால் பார்க்குக்குக் கூடுதலாக ஆவது ஒரு பஸ் வாடகையும் ஒரு வேளைச் சாப்பாடும். அந்தச் செலவை ஏற்கப் பனியன் கம்பெனிகளையும் மில்களையும் கேட்கலாம். லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று பெரிய நிறுவனங்களுக்குச் சட்டமே இருக்கிறது. திட்ட அறிக்கை எழுதும்போதே வாரத்துக்கு இரண்டு நாளை இதற்கென்று ஒதுக்கி எழுதிவிட வேண்டும்.